வலது முன்கையில் ஒரு மச்சம்

சுடர்க்கொடிக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சாலை வந்தது அதற்குப் பிறகுதான், சாலையைப் பற்றி வாய் ஓயாமல் பேசிவிட்டு அநியாயத்தை மட்டும் மறந்துபோகிறவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் நிறையப் பேர். ஜப்பானில் எடோ நகரத்திலிருந்து கியோட்டோ வரைக்கும் ஐம்பத்து மூன்று சத்திரங்களைக் கோத்துக்கொண்டு போன தோக்காய்தோ என்ற பழைய சாலையையும், அதில் நடந்தவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளையும் பாட்டுகளையும் நான்கு வருஷமாக ஆராய்ந்தவள் அவள். கியோட்டோவில் நடந்த கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது அவள் பெயருக்கு. விடுதி மாணவி வெளியே தங்க அப்பாவின் கடிதம் வேண்டும் என்றார்கள், கொடுத்தாள். கடிதம் போதாது, அப்பாவே வர வேண்டும் என்றார்கள்; கோவில்பட்டியிலிருந்து வந்து வார்டன் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அரை நாள் நின்றார் அவர். அப்பா வந்தால் போதுமா, கூடப் போகிற பாதுகாவலர் யார் என்றார்கள். அதற்குள் தேதி நெருங்கிவிட்டது என்றும், வந்த அழைப்பை வீணாக்கக் கூடாது என்றும் சொல்லி, அவளுடைய கைடு பேராசிரியர் தணிகாசலம், அவள் எழுதிய முப்பத்தெட்டுப் பக்கக் கட்டுரையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, யாருடைய கடிதமும் இல்லாமல் விமானம் ஏறிப் போனார். கட்டுரையின் தலைப்பு: 'சாலையில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள்'.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். திரும்பி வந்தவர் அவளுக்கு ஒரு காகித விசிறியைக் கொடுத்துவிட்டு, துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும் என்றார். பழைய காலத்தில் அந்தச் சாலையின் சோதனைச் சாவடிகளில் பெண்களை நிறுத்தி, தலைமுடியைக் கலைத்து, உடம்பில் உள்ள மச்சத்தை அனுமதிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்று பொருந்தவில்லை என்றாலும் வந்த வழியே விரட்டினார்கள் என்று சொல்லும் அத்தியாயம் அது. ஆய்வேட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. "நான் நேர்ல பார்த்துட்டு வந்தேன்மா. அங்க அப்படி ஒண்ணும் கிடையாது. வழவழன்னு ரோடு, சாவடியும் இல்ல, சத்திரமும் இல்ல," என்றார். அவர் பார்த்தது புல்லட் ரயிலின் ஜன்னல் வழியாக. "நீ பார்த்தியா? பார்க்காததை எழுதக் கூடாது. அதுதான் ஆராய்ச்சி." மாதக் கடைசிக்குள் அத்தியாயத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தால் கையெழுத்து, இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் என்றும் சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்கள் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

மறுநாள் புதன்கிழமை காலை, பல் துலக்கும் நேரத்தில், சாலை வந்துவிட்டது.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், உடைந்த கட்டில்களுக்கும் துணி காயப்போடும் கொடிகளுக்கும் நடுவே ஒரு மரப்பாலம் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது, பாலத்துக்கு அப்பால் இரண்டு பக்கமும் பைன் மரங்கள் வரிசை பிடித்திருக்க, வைக்கோல் செருப்பு போட்டவர்களும் பல்லக்குத் தூக்கிகளும் பொதிக் குதிரைகளும் யாத்திரைக்காரர்களும் போவதும் வருவதுமாக இருந்தார்கள். முதலில் பார்த்தவள் அறைத்தோழி ஜெபசெல்வி. நாசரேத்துக்காரி, தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், எதையும் அறுத்துப் பார்க்காமல் நம்பாதவள். காய்ந்த சுடிதாரை எடுக்கப் போனவள் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, "ஏட்டி, உன் ரோடு வந்திருக்கு, போய்ப் பாரு. என் துப்பட்டாவை ஒரு குதிரை தின்னுட்டு," என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போனாள்.

சாலை ஏன் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்த எதையும் ஏன் வந்தது என்று கேட்கிற வழக்கம் இல்லை, எந்தத் துறைக்குக் கீழே வரும் என்று கேட்பதுதான் வழக்கம். பழையது ஆகையால் எங்களுடையது என்றது வரலாற்றுத் துறை, நீளமானது ஆகையால் எங்களுடையது என்றது புவியியல் துறை, தமிழ்த் துறை ஒரு நாள் முழுக்கப் பைன் மரங்களுக்கு நடுவே கல்வெட்டு தேடிவிட்டு, இல்லை என்று ஆனதும் பெருந்தன்மையோடு விலகிக்கொண்டது. நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்கள் முந்நூறு வயதுப் பைன் மரங்களுக்கு இடையில் புங்கங்கன்றுகளை நட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் நட்டவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்தார்கள். வார்டன் அன்னபாக்கியம் மேடம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய முதல் சுற்றறிக்கை, விடுதியின் பின்புறம் தோன்றியுள்ள சாலையில் உள்ளாடைகளை உலர்த்தக் கூடாது என்றது. எழுவர் குழு ஒன்று போடப்பட்டது, ஏழு பேரும் ஆண்கள், பாலம் இருந்தது பெண்கள் விடுதிக்குள் ஆகையால் விதிப்படி அவர்களால் வந்து பார்க்க முடியவில்லை, அந்த விதியை மீறக் கூடாது என்பதற்காகப் பின்பக்கச் சுவரை இடித்து ஆண்களுக்கென்று தனி வழி செய்துகொண்டார்கள். இப்படியாக ஒரு வாரத்துக்குள் ஆண்கள் விடுதிப் பையன்கள் பெண்கள் விடுதிக் கொல்லையில் நடை போட்டு, இரண்டாம் சத்திரம்வரை போய், வாட்டிய அரிசி உருண்டையைத் தின்று, பல்லக்குத் தூக்கிகளோடு படம் எடுத்துக்கொண்டு சாவகாசமாகத் திரும்பினார்கள். பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

பெண்களுக்கு வாசலில் ஒரு நோட்டு வைக்கப்பட்டது. பெயர், போகும் இடம், காரணம், கூடப் போகிறவர், திரும்பும் நேரம். மாலை ஆறரைக்குள் திரும்ப வேண்டும். முதல் சத்திரம் போகவே இரண்டு மணி நேரம் என்பதால், வகுப்பு முடிந்து கிளம்பினால், போய், உட்காராமல், திரும்பி ஓடி வரலாம். சுடர்க்கொடி ஐந்தாம் நாள் வார்டன் மேஜை முன்னால் போய் நின்று, இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற விடுதியின் கொல்லையில் ஒரு உலகம் வந்து நிற்கும்போது ஆறரை மணியைக் காட்டுவது என்ன நியாயம் என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் வாதாடினாள், வார்டன் நடுவில் இரண்டு போன் பேசி முடித்தார். கடைசியில் வேலை செய்தது வாதம் இல்லை. பத்தாவது சத்திரமான ஹகோனே மலையில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது, அங்கே பெண்களுக்கு அங்க அடையாளத்தோடு அனுமதிச் சீட்டு கேட்பார்கள் என்று அவள் சொன்னதுதான் தாமதம், மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்கிறார்கள் என்று வியந்து, சாவடித் தலைவர் குரோதாவுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதி, அஞ்சல் ஓட்டக்காரன் ஒருவனிடம் கொடுத்து அனுப்பினார். ஆறரை மணி விதி எங்களுக்குத் தோன்றாமல் போனது குறைதான் என்று குரோதா பணிவோடு பதில் எழுதியிருந்தார். இருவரும் எந்த மொழியில் எழுதிக்கொண்டார்கள் என்று கேட்கிறவர்களுக்கு, அலுவலகக் கடிதம் எல்லா ஊரிலும் ஒரே மொழியில்தான் எழுதப்படுகிறது என்பதே விளக்கம்.

ஆக, ஆறரை மணி விதியைத் தளர்த்தி அனுமதிச் சீட்டு கிடைத்தது. பல்கலைக்கழகப் பதிவாளர் கையெழுத்து, வட்ட முத்திரை, அதற்குக் கீழே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே அங்க அடையாளம்: வலது முன்கையில் ஒரு மச்சம்.

சுடர்க்கொடியும் ஜெபசெல்வியும் கிளம்பினார்கள். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் இருபது நாள் இருந்தது, சாவடிகளைத் தாண்டி முடிந்த மட்டும் நடந்து தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் மூன்றாம் அத்தியாயத்தை யாராலும் தொட முடியாது என்பது அவள் கணக்கு. மூன்று நாள் நடந்தார்கள். கால் கொப்பளித்தது, கடல் ஒரு பக்கமாகவே வந்துகொண்டிருந்தது, சத்திரத்துப் பணிப்பெண்கள் வாசலில் நின்று சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே வந்து தங்கச் சொன்னார்கள். ஹகோனே மலையேறிச் சாவடியை அடைந்தபோது, பெண்களைச் சோதிக்கும் ஓகினு என்பவள், நாற்பது வயசு இருக்கும், தடித்த சீப்பு ஒன்றை வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். சுடர்க்கொடியின் முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். அப்புறம் சீட்டைப் பார்த்தாள். அப்புறம் வலது முன்கையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

சுடர்க்கொடியும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். மச்சம் இல்லை.

"இந்தச் சீட்டில் இருக்கிற பெண் வேறு யாரோ," என்றாள் ஓகினு, கோபமே இல்லாமல். "அவள் வந்தால் போகலாம்."

சுடர்க்கொடி புகைப்படத்தைக் காட்டினாள், கைரேகை வைக்கிறேன் என்றாள், மச்சம் என்பது தோலின் நிறமிதானே தவிர மனுஷியின் சாரம் இல்லை என்று வாதாடினாள், ஓகினு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முகம் அக்காள் தங்கைக்கு ஒத்துப்போகும், மச்சம் ஒத்துப்போகாது என்று மட்டும் சொன்னாள். ஜெபசெல்வியின் சீட்டிலும் அதே வலது முன்கை, அதே மச்சம், அவளுக்கும் இல்லை. மூன்று நாள் வந்த வழியை மூன்று நாள் திரும்பி நடந்தார்கள்.

விடுதிக்கு வந்ததும் சுடர்க்கொடி தன் பத்தாம் வகுப்பு ஆசிரியர் ராசகிளி சாருக்குப் போன் போட்டாள். அவர் ஒளிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள லிஸ்டை அனுப்புன்னு ஹெட்மாஸ்டர் தலைமேல நிக்காரு. பொம்பளப் பிள்ளைகள்ட்ட போய் மச்சம் எங்க இருக்குன்னு நான் கேக்கவா முடியும்? எல்லாருக்கும் வலது முன்கைன்னு போட்டுட்டேன். பயலுவளுக்கு வலது முழங்கால்ல தழும்பு. பயலுவன்னா விழாமலா இருப்பானுவ?" என்றார். எனக்கு முன்னால் இருந்த சாரும் அப்படித்தான் போடுவார், தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் போடுவோம் என்றும் ஒரு தொழில் ரகசியம்போலச் சொன்னார்.

அன்றைக்கு விடுதியே பெட்டியைத் திறந்து சான்றிதழைத் தேடியது. வாணியம்பாடிக்காரிக்கும் வலது முன்கை, வேதாரண்யத்துக்காரிக்கும் வலது முன்கை, ஊட்டியில் கான்வென்ட்டில் படித்தவளுக்கும் வலது முன்கை. உண்மையில் வலது முன்கையில் மச்சம் உள்ள ஒரே ஒருத்தி இரண்டாம் மாடியில் இருந்தாள், அவள் சான்றிதழில் இடது காதுமடல் என்று இருந்தது.

இரண்டாம் தடவை கண்மையில் மச்சம் வைத்துக்கொண்டு போனார்கள். வைத்ததை மூன்று நாள் வேர்வையில் கலையாமல் காப்பாற்றிக் கொண்டுபோனார்கள். ஓகினு சீப்பை வைத்துவிட்டு ஒரு துணியை நனைத்து எடுத்தாள், ஒரே துடைப்பு, அவ்வளவுதான். "முந்நூறு வருஷமா இதைத்தானே செய்கிறேன்," என்றாள், சிரித்தமாதிரிகூட இருந்தது.

சான்றிதழைத் திருத்தலாமே என்று கேட்பீர்கள். சுடர்க்கொடியும் தேர்வுத் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டாள். ஐந்து பிரதியில் விண்ணப்பம், பழைய தலைமை ஆசிரியரின் கையெழுத்து, அவர் இறந்துவிட்டிருந்தால் அதற்கான சான்று, மருத்துவர் ஒருவர் மச்சம் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் கடிதம், எல்லாம் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள். பொய்யைச் சாதாரணமாக ஒரு சாயங்காலத்தில் எழுதிவிட்டு, அதைத் திருத்த இரண்டு வருஷம் கேட்கிறீர்களே என்று அவள் சண்டை போட்டாள். கவுன்டரில் இருந்தவர், பொய் என்று சொல்லாதேம்மா, பதிவு என்று சொல் என்றார்.

பேராசிரியர் தணிகாசலம் இதற்குள் சாலையில் வெகுதூரம் போயிருந்தார். குடை, தொப்பி, பல்லக்கு. ஹகோனேயில் அவருடைய சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை, ஆண் என்று கண்டதும் குனிந்து வணங்கி வழி விட்டார்கள். ஒவ்வொரு சத்திரத்திலிருந்தும் ஒரு பயணக் கட்டுரை எழுதி அஞ்சல் ஓட்டக்காரர்களிடம் கொடுத்தனுப்பினார், அவை நூலக வாசலில் ஒட்டப்பட்டன, ஐம்பதாம் சத்திரத்திலிருந்து எழுதியதில், இதுவரை வந்த வழியில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணைக்கூடத் தாம் பார்க்கவில்லை என்றும், மூன்றாம் அத்தியாயம் கற்பனையே என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா என்றும் கேட்டிருந்தார். அவர் பார்த்த திசையில் அப்படி யாரும் இல்லைதான். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால் இருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு வந்த சுடர்க்கொடி ஒரு வேளை சாப்பிடவில்லை. பிறகு ஜெபசெல்வியிடம், காகிதத்தைத் திருத்த இரண்டு வருஷம் ஆகும், கையைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். ஜெபசெல்வி தவளையைப் பார்க்கிற பார்வையில் தன் கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிசம். வா," என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பச்சை குத்தும் கடை வைத்திருந்தவன், பட்டாம்பூச்சி, சிங்கம், காதலன் பெயர் என்று ஆல்பத்தை விரித்துக் காட்டினான். ஒரு புள்ளி போதும் என்றாள் சுடர்க்கொடி. அடுத்து ஜெபசெல்வி, ஒரு புள்ளி. மறுநாள் பன்னிரண்டு பேர், அதற்கு மறுநாள் கடை வாசலிலிருந்து நிழற்குடை வரைக்கும் வரிசை, எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே அளவு, அவன் வாழ்நாளில் குத்தாத அளவுக்குப் புள்ளியாகக் குத்தித் தள்ளி, கடைசியில் என்ன கட்சி அக்கா இது என்று கேட்டான். வார்டன் அன்னபாக்கியம் மேடத்துக்கு விஷயம் தெரிந்தது, மாணவிகள் பச்சை குத்தக் கூடாது என்று சுற்றறிக்கை எழுத உட்கார்ந்தார், ஆனால் பதிவோடு உடம்பு ஒத்துப்போவதைத் தடுப்பது ஒழுங்கா ஒழுங்கீனமா என்று அவருக்கே குழப்பமாகிவிட்டது, பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்று மதியம் அவர் முழுக்கை ரவிக்கையில் வந்திருந்தார் என்று சொல்கிறார்கள். காரணம் யாருக்கும் தெரியாது.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது எழுபத்தொரு பெண்கள் பாலத்தைத் தாண்டினார்கள். மூன்றாம் நாள் மதியம் ஹகோனேயில் வரிசை மலைச்சரிவின் பாதி வரைக்கும் நின்றது. ஓகினு முதலில் நின்ற சுடர்க்கொடியின் கையைத் துடைத்தாள், போகவில்லை, தேய்த்தாள், போகவில்லை. சீட்டைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அவள் முகத்தையும் பார்த்தாள், இரண்டு தடவை திருப்பி அனுப்பிய முகம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முகம் விதியில் இல்லை. "சீட்டில் இருக்கிற பெண் வந்துவிட்டாள்," என்று சத்தமாகச் சொல்லி, கதவைத் திறக்கச் சொன்னாள். இரண்டாமவளுக்கும் அதையே சொன்னாள். பத்தாமவளுக்கும் சொன்னாள். முப்பதாமவள் வந்தபோது அவள் குரலில் ஒரு ராகம் ஏறியிருந்தது.

சாவடித் தலைவர் குரோதாவுக்குத்தான் வியர்த்தது. ஒரே மச்சத்தோடு இத்தனை பெண்கள் இருக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, ஆகையால் அவர்களை நிறுத்த வழியில்லை, ஆனால் ஏதோ நடக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. யோசித்தார். இந்த வட்ட முத்திரைச் சீட்டோடு வருகிறவர்களை ஆண் பெண் பாராமல், போகும்போதும் வரும்போதும், எழுத்துக்கு எழுத்துச் சோதிக்க வேண்டும், ஆண் வேஷத்தில் பெண்கள் தப்பிப்பது பழைய தந்திரம் என்று உத்தரவு போட்டார். உத்தரவின் மை காய்வதற்குள், கியோட்டோ வரை போய்விட்டு, திரும்பும் வழியில் எழுதிய இருபத்தேழு பயணக் கட்டுரைகளோடும் ஒரு புது விசிறியோடும், மேற்குப் பக்கத்திலிருந்து பல்லக்கில் வந்து இறங்கினார் பேராசிரியர் தணிகாசலம்.

அவருடைய சீட்டை முதன்முறையாக ஒருவர் பிரித்துப் படித்தார். வலது முழங்காலில் ஒரு தழும்பு.

மற்றவர்கள் தேறி வரும்வரை கதவருகே காத்திருந்த சுடர்க்கொடி கிழக்குக் கதவைத் தாண்டி உள்முற்றத்துக்கு வந்தபோது அவர் பாயில் உட்கார்ந்து பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டி வைத்திருந்தார், ஓகினு அந்த முழங்காலை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், உரித்த நுங்குபோல வழவழவென்று இருந்தது அது. அவர் விழாத பையன். சைக்கிள்கூட ஓட்டியிராத பையன். தலையில் சீப்பு ஓடிய வகிடுகள் தெரிந்தன. இந்தச் சீட்டில் இருக்கிற ஆண் வேறு யாரோ, அவர் வந்தால் போகலாம் என்று ஓகினு சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பேராசிரியர், துறைத் தலைவர், மூன்று நூல் எழுதியவன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவளைப் பார்த்தார். இவ்வளவு நாளில் அவளைப் பார்த்து அவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. இவள் என் மாணவி, நான்கு வருஷமாக என்னைத் தெரிந்தவள் என்று கூவினார். குரோதா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அடையாளம் காலப்போக்கில் அழிந்துவிட்டது என்று சொல்லும் ஆளுக்கு, முன்பு அது இருந்ததைக் கண்ணால் கண்ட ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று இருந்தது. அவள் முன்னால் ஒரு தாளும் தூரிகையும் வைக்கப்பட்டன. தழும்பு இருந்தது, நான் பார்த்தேன். அந்த ஒரு வரிதான்.

"எழுதிக் கொடும்மா," என்றார் பேராசிரியர். அவள் குனியும்வரை காத்திருந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மூணாம் அத்தியாயம் இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும். இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன். ஒரு வரி. சம்பிரதாயத்துக்குத்தானே?" என்றார்.

அவளுக்குப் பின்னால் வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஜெபசெல்வி அவள் முதுகில் லேசாக இடித்தாள், எழுது என்றா வேண்டாம் என்றா என்று தெரியவில்லை. நான்கு வருஷம் ஒரு வரியில் முடிந்துவிடும். தூரிகையை எடுத்தாள், மையில் தோய்த்தாள், தன் வலது முன்கையில் இருந்த மச்சத்தை ஒரு கணம் பார்த்தாள், அவளை இரண்டு தடவை திருப்பி அனுப்பிய சாவடியின் தூண்களைப் பார்த்தாள், அவருடைய முழங்காலையும் நன்றாக, பொறுமையாக, ஆராய்ச்சிக்காரியின் கண்ணோடு பார்த்தாள். பிறகு தூரிகையை அதன் தாங்கியில் வைத்துவிட்டு, மேற்குக் கதவைப் பார்த்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எந்தக் கோபமும் இல்லாமல் பதில் சொன்னாள்.

"நான் பார்த்ததில்லையே, சார். பார்க்காததை எழுதக் கூடாது."